இடமிருந்து நான்காவது

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம்.
தலை பதினொன்று. கால் இருபத்தொன்று. தூக்கிய கை பதினொன்று. பல் தெரியும் வாய் பத்து.

அத்தைக்கு,

மேலே இருப்பது உங்கள் படத்தின் கணக்கு. மூன்று தரம் எண்ணினேன். நான் சௌக்கியம். உங்கள் முழங்காலை அடுத்த கடிதத்தில் விசாரித்துக்கொள்கிறேன். இதில் விஷயம் நிறைய.

ஸ்டூடியோக்காரர் அனுப்பிய மரப்பெட்டி நேற்று வந்தது. உள்ளே கண்ணாடித் தகடு. கண்ணாடியில் நெகட்டிவ் எடுத்த காலத்துச் சரக்கு. உடையாமல் வந்ததே அதிசயம். அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார் அந்த மனிதர், காய்ந்த புல்லும் பழைய காலுறையும் திணித்து. நான் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும்: குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பிலிமை விளக்குமேசையில் போட்டு விரிசல் தேடுவது. அதே மேசையில் உங்கள் தகட்டையும் வைத்தேன். பூச்சில் கீறல் விழக் கூடாது என்று பூச்சுப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "என்னடா இது, வெல்டிங்குக்குப் பாவாடை கட்டி விட்டுட்டாங்களா?" என்றான். இந்தப் படத்தைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

பின்னால் மேகம் வரைந்த திரை. மேகம் என்று நீங்கள் சொன்னதால் மேகம்; பார்த்தால் காலிஃபிளவர். முன்னால் பதினோரு பெண்கள், ஜரிகைப் பாவாடை, தலையில் இறகு. ஒரு கை இடுப்பில், மறு கை மேலே, போகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. முதல் ஆள் பற்பொடி விளம்பரத்துக்கு நிற்கிறாள். ஆறாவது ஆள் கண்ணை மூடிவிட்டாள். எட்டாவது ஆள்தான் உச்சம். பத்துப் பேர் இடக்கையைத் தூக்கினால் இவள் வலக்கையைத் தூக்குகிறாள். பத்துப் பேர் சிரித்தால் இவள் வாயைப் பூட்டிக்கொள்கிறாள். காணாமல் போன இருபத்திரண்டாவது காலும் இவளுடையதே. பக்கத்துப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். வெல்டிங்காக இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. மேடைக் கலைஞர் இல்லத்தில் ஓர் அறை காலி. மேடையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். உடுப்புத் தைத்தவர், விளக்குப் பிடித்தவர் எல்லாம் ஆகாது. மார்ச் முடிவதற்குள் ஆதாரம் வேண்டும். உங்கள் நாடகக் கம்பெனிப் படங்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். "இடமிருந்து நாலாவது நான்தான்னு நீ எழுதிக் குடுடா, படிச்சவன் சொன்னா கேட்டுக்குவாங்க" என்றீர்கள்.

படித்தவன் சொல்கிறேன். இடமிருந்து நாலாவது ஆள் வரிசையிலேயே உயரமானவள். அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் அவள் காதுக்குக் கீழே. நீங்கள் அப்பாவின் தோளுக்கு எட்டமாட்டீர்கள். வயதானால் மனிதர் இரண்டு விரல்கடை சுருங்கலாம். ஒன்றரை ஜாண் சுருங்க முடியாது. ஆகவே அது நீங்கள் இல்லை. அப்பாவும் இருந்தவரை இதைத்தான் சொன்னார்: "உங்க அத்தை மேடைக்குப் பின்னாடி ஊசி கோத்தவ. முன்னாடி எங்க வந்தா?"

இதைப் போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். "போன் கூடத்துல இருக்கு, உங்க அண்ணி காதும் அங்கதான் இருக்கு" என்று நீங்கள் சொன்னதால் இவ்வளவு மை செலவு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மருமகன்

*

மார்ச் 13

பூதக்கண்ணாடி மருமகனுக்கு அத்தை எழுதுவது.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது அங்கேயும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாயா?

உயரமானவளை எனக்குத் தெரியும். அவளுக்குக் கம்பம் என்று பெயர். அவள் பாவாடைக்கு மட்டும் அரை கெஜம் கூடுதலாகத் துணி போகும், தைத்தவளுக்கு மறக்குமா? ஆனால் கம்பம் நின்றது வலக்கோடியிலிருந்து நாலாவது. நான் இடக்கோடியிலிருந்து நாலாவது. அந்தப் படம் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பதினெட்டு வருஷம் தொங்கியது. தினம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் ஊசியை எடுப்பேன்.

உன் அப்பா சொன்னது பொய்யில்லை. நான் ஊசி கோத்தவள்தான். பதினேழு ஆட்டம் மட்டும் முன்னால் நின்றேன். அந்தப் பதினேழில் ஒன்றுக்கும் உன் அப்பா வரவில்லை. வந்தால் மானம் போய்விடுமாம். போகிற அளவுக்கு அவனிடம் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இல்லத்தில் எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கட்டில் ஆடட்டும். ஜன்னல் சுவரைப் பார்க்கட்டும். ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். இங்கே கூடத்தில் வாசலை ஒட்டி என் கட்டில். யார் வந்தாலும், "அத்தே, கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க" என்று உன் அண்ணியின் குரல் வரும். உடுப்பு மாற்றக் குளியலறைக்குப் போனால், "உள்ள யாரு, இவ்வளவு நேரம்?" நான்தான், வேறு யார்.

இரண்டு வேலை சொல்கிறேன். இல்லத்துக்கு எழுதுவதைப் பத்து நாள் தள்ளிப் போடு. அதற்குள் படத்தின் நகல் ஒன்று எனக்கு அனுப்பு. இன்னொன்று, அந்த எட்டாவது பெண்ணின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்.

வெயிலில் அலையாதே.
அத்தை

*

மார்ச் 18, செவ்வாய், பகல் 1.10

அத்தைக்கு,

முழங்கால் இருக்கிறது என்று அறிந்து மகிழ்ச்சி. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எட்டாவது ஆளின் முகத்தைப் பார்த்தேன். முழுதாக நாலு நிமிடம், முழு வெளிச்சத்தில். சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதால் கத்த முடியாமல் நிற்கிறவள் முகம். இவளை யார் மேடையில் ஏற்றினார்கள், எதற்காக ஏற்றினார்கள் என்பது அந்தக் கம்பெனி ஏன் திவாலானது என்பதற்கான விடை. இந்த முகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

கம்பம் வலமிருந்து நாலாவது என்கிறீர்கள். தகட்டில் இடமிருந்து நாலாவதாக நிற்கிறாள். உங்கள் ஞாபகத்துக்கும் தகட்டுக்கும் சண்டை வந்தால் நான் தகட்டின் கட்சி. தகட்டுக்கு வயதாவதில்லை.

தள்ளிப் போடச் சொன்ன உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அறிக்கையை இல்லத்துச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். வந்த பிறகு அனுப்புவதாக இருந்தாலும் தள்ளிப் போட்டிருக்க மாட்டேன். பத்து நாள் கழித்தால் கம்பம் குட்டையாகிவிடுவாளா? அங்கிருந்து கேட்டார்கள், இங்கிருந்து எழுதினேன். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதியிருக்கிறேன். அரைகுறையாக எழுதிப் பழக்கமில்லை. நகல் இத்துடன் இருக்கிறது.

கூடத்தில் படுப்பதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டிலேயே நல்ல காற்று வரும் இடம் அதுதான். ஒரு தாழ்ப்பாளுக்காக, முகம் தெரியாத பழைய நடிகர்களோடு போய் உட்கார்ந்து அவர்கள் பேச்சையெல்லாம் கேட்க வேண்டுமா?

பதில் எழுதுங்கள்.
மருமகன்

*

ஏப்ரல் 3

பெருமதிப்பிற்குரிய பரிசோதகர் அவர்களுக்கு, மேடைக் கலைஞர் இல்லத்தின் செயலாளர் வணக்கத்துடன் வரைவது.

தங்கள் உடல்நலத்தையும் தொழில்நலத்தையும் விழைகிறோம். தங்கள் அறிக்கை செயற்குழுவில் உரக்கப் படிக்கப்பட்டது. எட்டாவதாக நிற்கும் பெண்மணி பற்றிய பத்தியை உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கிணங்க இரண்டாம் முறையும் படித்தோம். பல ஆண்டுகளாக இவ்வில்லத்தில் இத்தகைய சிரிப்பொலி எழுந்ததில்லை என்பதை மகிழ்வுடன் தெரிவிக்கிறோம்.

தங்கள் நேர்மையான சான்றின்படி, விண்ணப்பதாரர் தாம் குறிப்பிட்ட இடத்தில் இல்லை என்பது உறுதியானமையால் அவரது விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அவருக்கும் இதே தகவலை அனுப்பியுள்ளோம். தையல் பிரிவினர் மேடையேறியதாகக் கூறிக்கொண்டு வருவது இது முதல் முறையன்று. ஆறாம் எண் அறை, முப்பதாண்டுகள் அரசவைக் காட்சிகளில் ஈட்டி ஏந்தி நின்ற மூத்த கலைஞர் ஒருவருக்கு ஒதுக்கப்படுகிறது.

தங்கள் கண்கள் வாழ்க.
செயலாளர்

*

ஏப்ரல் 8, செவ்வாய், காலை 9.00

செயலாளருக்கு,

என் கண்கள் நன்றாக இருக்கின்றன. உங்கள் விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் ஒரு வார்த்தை பேசாமல் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கலைஞர். அவர் இடுப்பில் நின்ற உடுப்பைத் தைத்தவர் கலைஞர் இல்லை. ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவரை அந்த உடுப்பு இல்லாமல் நிறுத்தியிருந்தால் சபையில் எத்தனை பேர் ஈட்டியைப் பார்த்திருப்பார்கள் என்று செயற்குழுவில் உரக்கக் கேளுங்கள்.

நாலாவது ஆள் என் அத்தை இல்லை என்று நான் எழுதியது சரி. உங்கள் விதி முட்டாள்தனம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

பரிசோதகன்

*

ஏப்ரல் 22, செவ்வாய், மாலை 5.40

அத்தைக்கு,

முப்பத்தைந்து நாள் ஆகிறது, பதில் இல்லை. உடம்பு சரியில்லையா, கோபமா? உடம்பு என்றால் டாக்டர் பெயரை எழுதுங்கள். கோபம் என்றால் அதற்கு ஆதாரம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

நேற்று போன் செய்தேன். அண்ணி எடுத்து, "நல்லாத்தான் இருக்காங்க, பேச மாட்டேங்கறாங்க, நீயும் அவங்களும் என்னமோ பண்ணிக்கோங்க" என்றாள். பின்னால் உங்கள் கட்டில் கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. எழுந்து வருகிறீர்கள் என்று நினைத்தேன். திரும்பிப் படுத்தீர்கள் போல.

செயலாளரை நன்றாகத் திட்டி எழுதிவிட்டேன் என்பதையும் தெரிவிக்கிறேன்.

நலமாக இருந்தால் ஒரு வரி போதும்.
மருமகன்

*

ஏப்ரல் 29

தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

நீ போனில் கத்தினாயாம். உன் அண்ணி ஒரு வாரமாக அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டிப்போவில் எட்டு மணி நேரம் டிரைவர்களிடம் ஏச்சு வாங்கிவிட்டு வந்தால் வீட்டில் உன் பஞ்சாயத்து.

அத்தைக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. புத்திதான் கொஞ்சம் பிசகிவிட்டதோ என்று எங்களுக்குப் பயம். நீ அனுப்பினாயே ஒரு படம், அதை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள். படத்தைக் கையில் வைத்து நேராகப் பார்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிப் பார்ப்பதில்லை. படத்தைக் கண்ணாடிக்குக் காட்டிவிட்டு, கண்ணாடியில் தெரிவதைப் பார்க்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். "அத்தே, படத்துக்குப் பவுடர் போட்டு விடறீங்களா?" என்று உன் அண்ணி கேட்டாள். வழக்கமாக ஒன்றுக்கு நாலு திருப்பிக் கொடுக்கிற வாய். அன்றைக்குப் படத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

உன் அறை நீ விட்டுப் போனபடியே பூட்டிக் கிடக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆறு வருஷமாக ஓர் ஈ உள்ளே போகவில்லை. மச்சான் குடும்பத்தோடு வந்தபோதுகூட, "தம்பி ரூம்ல கை வைக்கக் கூடாது" என்று எல்லாரையும் கூடத்திலேயே படுக்க வைத்தோம்.

சும்மா சும்மா போனில் கத்தாதே.
அண்ணன்

*

மே 3, சனிக்கிழமை, காலை 7 மணி 5 நிமிடம்.
தப்பு ஒன்று. செய்தவன் ஒருவன்.

அத்தைக்கு,

அண்ணன் கடிதத்தில் கண்ணாடி என்று வந்த வரியைப் படித்ததும் பல்துலக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தேன். காவலாளி, "சனிக்கிழமையில என்ன சார் இவ்வளவு அவசரம், குழாய் வெடிச்சிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

நடந்தது இது. எங்கள் எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும். எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் தலைகீழ் என்று நாங்கள் யோசிப்பதே இல்லை. ஈயத்தில் செய்த எண்களை வெல்டிங் பக்கத்தில் வைத்துத்தான் படம் எடுப்போம். எண் நேராகத் தெரிந்தால் பிலிம் நேர். ஐந்து வருடப் பழக்கம். உங்கள் தகட்டுக்குப் பூச்சு ஒரே பக்கம்தான். அதைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நான் பூச்சைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை மேலே வைத்து, பூச்சுப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அப்படியே நகலும் எடுத்தேன். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தால்கூட அன்றே தெரிந்திருக்கும். இல்லை. காலிஃபிளவர்தான் இருந்தது, அதற்கு இடம்வலம் கிடையாது. ஸ்டூடியோக்காரருக்கு இது தெரியும், அவர் வீட்டு வேலைக்காரருக்கும் தெரிந்திருக்கும். காலுறை திணித்து அனுப்பியவரைக் கிண்டல் செய்த எனக்குத் தெரியவில்லை.

இன்று தகட்டைத் திருப்பி வைத்து எண்ணினேன். கம்பம் வலமிருந்து நாலாவது. இடமிருந்து நாலாவதாக நிற்பது நான் எட்டாவது ஆள் என்று எழுதியவர்.

லென்ஸை வைத்ததும் உங்கள் முகம் தெரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. முதலில் எண் தெரிந்தது. பிறகுதான் முகம் தெரிந்தது.

திருத்திய அறிக்கை இன்றே செயலாளருக்குப் போகிறது. மன்னிப்புக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுத ஆரம்பித்தால் அதுவும் அறிக்கை மாதிரி வருகிறது, கிழித்துப் போட்டேன். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள்? இன்னொரு கால் எங்கே? கை ஏன் மாறிப் போயிற்று?

நாலாவதாக ஒன்று: படத்தைக் கண்ணாடியில் பார்த்த அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை?

மருமகன்

*

மே 14

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ பல்துலக்கிவிட்டாய் என்று நம்புகிறேன்.

நாலாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முகத்தைப் பார் என்று எழுதினேன். பார்த்தேன் என்று எழுதினாய். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வாய். ஆட்டம் தொடங்கப் போகிறது, நான் கம்பத்தின் பாவாடை விளிம்பைத் தூக்கிக் குத்திக்கொண்டிருக்கிறேன். வாயில் எட்டுக் குண்டூசி. அன்று ஒருத்தி வரவில்லை. மேனேஜர் ஓடி வந்து, "பதினோரு தலைன்னு பேசியிருக்கு, பத்து நின்னா தியேட்டர்காரன் திரையை இறக்கிடுவான்! நீ ஏறு!" என்றார். நான், "ம்ம், ம்ம்" என்றேன். முடியாது என்று சொன்னேன். அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தலையில் இறகைச் செருகித் தள்ளிவிட்டார். ஊசியைத் துப்ப இடம் வேண்டாமா? முன்னால் ஐந்நூறு பேர். பக்கத்திலிருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "முழுங்கித் தொலைச்சிடாதடி" என்றாள். அது அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஏழு பேர் என்று வரிசை முழுக்கப் போயிற்று. போட்டோக்காரன் அந்த நிமிஷம் பார்த்துத்தான் எடுத்தான். பத்து வாயும் ஏன் திறந்திருக்கிறது என்று உன் லென்ஸுக்குத் தெரிந்ததா? பற்பொடி விளம்பரமாம்.

கால். வராதவளுடைய துணிச் செருப்பு எனக்கு ஒன்றில்தான் நுழைந்தது. இன்னொரு காலை வெறுமனே காட்ட முடியுமா? தைப்பவள் இல்லையா, பாவாடையின் அருமை எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்தவள் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கை. ஒத்திகை நடக்கும்போது நான் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துதான் தைப்பேன். பார்த்துப் பார்த்து ஆட்டம் முழுக்க மனப்பாடம். ஆனால் எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தது. மேடையில் ஏறினால் என் கை, பார்த்த பக்கத்துக்கே போகிறது. திருத்த நாலு ஆட்டம் பிடித்தது. மிச்சம் பதின்மூன்றில் என்னை யாரும் வெட்டி எறியச் சொல்லவில்லை. போகட்டும், தப்பான பக்கத்திலிருந்து பார்ப்பது நம் குடும்ப வாகு.

இல்லத்துக்காரர்கள் எனக்கும் எழுதினார்கள். உன் பத்தியை இரண்டு தரம் படித்துச் சிரித்தார்களாம். அதே ஆட்களோடு தினமும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அறைக்காக நீ இனி யாரிடமும் நிற்க வேண்டாம். கூடத்தில் நல்ல காற்று வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

முழங்கால் மழை வரும் என்கிறது. சைக்கிளில் குடை வைத்துக்கொள்.
அத்தை

*

மே 16

பரிசோதகர் அவர்களுக்குச் செயலாளர்.

தங்கள் இரண்டாம் அறிக்கை கிடைத்தது. தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டதாகத் தாங்கள் கூறுவதைச் செயற்குழு உரக்கப் படிக்க விரும்பவில்லை. ஒரே படத்துக்கு இருவேறு சான்று அளிக்கும் நிபுணரை எப்பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பது என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். தாங்கள் முன்பு அனுப்பியிருந்த கேள்வியை ஈட்டிக் கலைஞர் மறக்கவில்லை என்பதையும் தெரிவிக்கச் சொன்னார்.

ஆறாம் எண் அறையின் சாவி மே முதல் நாளே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அடுத்த இடம், உறைபவர்களில் ஒருவரை இயற்கை அழைக்கும்போது காலியாகும். அனைவரும் தற்சமயம் திடமாக உள்ளனர்.

செயலாளர்

*

மே 20, செவ்வாய்க்கிழமை, மாலை 6 மணி 15 நிமிடம்.
அறை ஒன்று. பூட்டு ஒன்று. சாவி ஒன்று, என் மேசை இழுப்பறையில்.

அத்தைக்கு,

நான் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. உங்களுக்கு எப்படி என்றும் கேட்கப் போவதில்லை. வாசலை ஒட்டிய கட்டிலில் எப்படி இருக்க முடியுமோ அப்படித்தான் இருப்பீர்கள்.

செயலாளரின் கடிதத்தைக் கிழித்துப் போட்ட பிறகு, எல்லாக் கடிதங்களையும் விளக்குமேசையில் வரிசையாகப் பரப்பிப் படித்தேன். குறை தேடுவதுதானே என் பிழைப்பு. உங்கள் கடிதங்களில் முழங்கால் இருக்கிறது, கம்பம் இருக்கிறது, அண்ணியின் காது இருக்கிறது, குடை இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் எதிலும் இல்லை. அது அண்ணன் கடிதத்தில் இருக்கிறது, கடைசியில், நான் கவலைப்படக் கூடாதே என்று அவன் எழுதிய நாலு வரியில்.

கூடத்தில் உங்கள் கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடியில் என் அறை. உள்ளே எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் மூன்று, பாடாத ரேடியோ இரண்டு, நான் தேர்ச்சி பெற்று முடித்த பரீட்சைகளின் கைடு ஒரு மூட்டை. இந்தக் குப்பைக்குக் கதவு உண்டு, உள்தாழ்ப்பாள் உண்டு, வெளியே ஒரு பூட்டும் உண்டு. அதற்குக் காவலாக ஆறு வருடமாக நீங்கள் வெளியே படுத்திருக்கிறீர்கள்.

போன் செய்து அண்ணியிடம் கேட்டேன். "அத்தை என்னைக்காவது அந்த ரூமைக் கேட்டாங்களா?"

"அவங்க எதுக்குக் கேக்கணும்? அது உன் ரூம்தானே."

"நீங்களாவது குடுத்திருக்கலாமே."

அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "டேய், ஊருக்குப் போறப்ப வாசல்ல நின்னு என்ன சொன்னே? ‘என் ரூம்ல எவனாவது நுழைஞ்சா தெரியும் சேதி’ன்னே. இப்ப எங்களைக் கேக்கறே?"

சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, உங்கள் கட்டிலைத் தாண்டித்தான் வெளியே போனேன். பெட்டி உங்கள் காலில் இடித்தது என்றுகூட நினைவு. அதற்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதினேன், ஒரு தாழ்ப்பாளுக்காக இவ்வளவா என்று.

இதைப் பற்றி நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆகவே பதில் எழுத வேண்டாம். செய்யப் போவது இதுதான்:

1. சாவியை அட்டையில் ஒட்டி இந்த உறையிலேயே அனுப்புகிறேன். அண்ணியிடம் கொடுக்காதீர்கள், அண்ணனிடமும் கொடுக்காதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

2. சனிக்கிழமை, மே 24, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்ல அண்ணனிடம் சொல்லியாயிற்று. எதையும் பிரித்துப் பார்க்க மாட்டேன், எதையும் எடுத்து வைக்க மாட்டேன்.

3. படத்தை நேராக எடுத்துப் பெரிதாக்கிச் செயலாளருக்கு அனுப்புவேன், அறை கேட்டு அல்ல. கீழே ஒரே வரி: "இடமிருந்து நான்காவது நிற்பவர் வாயில் எட்டுக் குண்டூசி. உரக்கப் படிக்கவும்."

4. வெளியே பூட்டு மாட்டும் கொண்டியைக் கழற்றிவிடுவேன். உள்தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும், புதிது வாங்கிவிட்டேன், நாலு திருகாணியோடு. உங்கள் கை எட்டும் உயரத்தில் அடிக்க வேண்டும். என் கணக்கில் நான் அடிக்க மாட்டேன். நீங்கள் வந்து விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

5. வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுவேன். நீங்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுங்கள். கூடத்திலிருந்து கதவை ஒரு தரம் தள்ளிப் பார்ப்பேன். திறக்கக் கூடாது.